கையில் தழும்பு இல்லாத பிள்ளை

கோமதி அம்மன் துணை
சங்கரன்கோவில்
6-4-1983

தம்பி சண்முகையாவுக்கு அக்கா மாரித்தாய் எழுதுவது.

உன் கவரைப் பிரித்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், உன் பெண்சாதி பேச்சித்தாய், அவள் இடுப்பில் உன் மகள் கோமு, தங்கச்சி பேச்சியைப் பார்க்கச் சிவகிரியிலிருந்து வந்திருந்த காசி, வெளிநாட்டுத் தபால்தலை கேட்டு வந்த எதிர்வீட்டு ஜரினா. ஆக ஆறு பேர். வழக்கம்போல நான்தான் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் சுகம். உன் உடம்பை அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

பாதிவரை எல்லோரும் சிரித்த முகமாகத்தான் கேட்டார்கள். அக்டோபரில் பேச்சியையும் கோமுவையும் ஆப்பிரிக்காவில் நீ இருக்கிற ஜயர் தேசத்துக்கு அழைத்துக்கொள்வதாக எழுதியிருந்த இடத்தில் பேச்சி பிள்ளையை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கவருக்குள்ளிருந்து ஓர் அட்டை விழுந்தது. கோமுதான் எடுத்தாள். "அத்தே, இந்தப் பிள்ளைக்கு மூஞ்சியெல்லாம் என்ன?" என்று என்னிடம் நீட்டினாள். உள்ளங்கையிலும் முகத்திலும் கொப்புளத்தோடு ஒரு சிறு பெண். குரங்கம்மை கண்ட பிள்ளையாம். கிராமம் கிராமமாக இந்தப் படத்தைக் காட்டித்தான் நீ விசாரிக்கிறாயாம். உனக்குப் புத்தி இருக்கிறதா? பெற்ற பிள்ளையை வா என்று கூப்பிடுகிற கவரில் வைத்து அனுப்புகிற படமா அது?

பெரியம்மையை உலகத்தைவிட்டே ஒழித்தாகிவிட்டது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் லட்டு வாங்கிவந்து தெருவுக்குக் கொடுத்தவன் நீ. அம்மனை ஒழிக்க நீ யார் என்று அன்றைக்கே கேட்டேன், சிரித்தாய். இப்போது இன்னொன்று இருக்கிறது என்கிறாய். அதைத் தேடிக் காட்டுக்குள் போவதுதான் உன் உத்தியோகம் என்றால் போ. உனக்கும் எனக்கும் அத்தானுக்கும் பேச்சிக்கும் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. கோமு எழுபத்தொன்பதில் பிறந்தவள். அம்மைதான் ஒழிந்துவிட்டதே என்று குத்துவதை அதற்குள் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். அவள் கை மொழுமொழுவென்று இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த அட்டையில் இருக்கிற பிள்ளைக்குக் கையில் தழும்பு இருந்ததா, இல்லையா? சுற்றி வளைக்காமல் எழுது.

உன் அக்கா,
மாரித்தாய்

*

ஜயர்
1-5-1983

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்முகையா வணக்கத்துடன் எழுதியது. நான் நல்ல சுகம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, இங்கே கிழங்கு மாவில் களி மாதிரி ஒன்று கிண்டுகிறார்கள், பழகிவிட்டது.

அட்டையை அனுப்பியது என் தப்புதான். என் வேலை என்னவென்று தெரியட்டுமே என்று நினைத்து வைத்தேன். குரங்கம்மை பழைய அம்மை மாதிரி ஊரையே வாரிக்கொண்டு போகிற ஜாதி இல்லை, அக்கா. காட்டில் பிடித்த குரங்கு, அணில் இவற்றை அறுத்துச் சமைக்கிற வீடுகளில்தான் பெரும்பாலும் வருகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது குறைவு. பேச்சி இங்கே வந்து குரங்கா அறுக்கப் போகிறாள்? மிஷன் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே எனக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். வாசலில் பப்பாளி மரம்கூட இருக்கிறது.

இங்கேயும் அம்மை கண்ட பிள்ளைகளை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கதவருகிலேயே பதில் சொல்லி அனுப்புகிறார்கள். கேட்கும்போது நம் ஊர் ஞாபகம் வருகிறது.

கோமு மேலுக்கு நன்றாக இருக்கிறாளா? தோலில் சொறி, சிரங்கு, கரப்பான் என்று ஒன்றும் இல்லையே? மறக்காமல் பதில் எழுது. அத்தானுக்கு நெஞ்சு எரிச்சல் எப்படி இருக்கிறது?

சண்முகையா

*

சங்கரன்கோவில்
29-5-1983

தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் அத்தானுக்கு நெஞ்சு எரிச்சல் குறைந்திருக்கிறது. கோமு மேலுக்கு நல்லா இருக்கா. நீ கேட்டதற்கெல்லாம் பதில் ஆயிற்று. நான் கேட்டதற்கு எங்கே?

பப்பாளி மரத்தை எழுத உனக்குக் காகிதம் இருக்கிறது. தழும்பு உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுத இல்லை.

நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்து நானே கோமுவைத் தூக்கிக்கொண்டு சுகாதார ஆபீசுக்குப் போனேன். பிள்ளைக்கு அம்மை குத்தவேண்டும் என்றேன். அங்கே இருந்தவர் சிரித்துவிட்டார்.

"அது நின்னு எத்தன வருசம் ஆச்சும்மா. இல்லாத சீக்குக்கு யாராச்சும் ஊசி போடுவாகளா?"

"இருக்கிற ஊருக்குப் போறா, ஐயா."

"அப்படி ஒரு ஊரு உலகத்துலயே கெடையாதும்மா. படிச்சவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"கையெழுத்துப் போட்டதுல ஒருத்தன் என் தம்பி. அவந்தான் இப்பம் அங்கன தேடிக்கிட்டுத் திரியுதான்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பேச்சியிடம் சொன்னேன். அவளுக்கு என்மேல்தான் கோபம்.

"புருசன் கூப்பிடுதாரு, நான் போறேன். நீங்க எதுக்கு மதினி ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு அலையுதீய?"

"ஏட்டி, நீ போ. யாரு வேண்டாங்கா? பிள்ளைய என்கிட்ட விட்டுட்டுப் போ."

"இது நல்லா இருக்கே. பெத்தது நான், வளக்கது நீங்களா? அவ குடிக்க பாலையும் உங்க நோட்டுல எழுதி வச்சிருக்கீய."

வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் பாலை எழுதாமல் விடுவாளா? அது செலவுக் கணக்கு, குற்றக் கணக்கு இல்லை என்று சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. மூன்று நாளாகப் பேச்சில்லை. இதுவும் உன் கடிதம் கொண்டுவந்து சேர்த்ததுதான்.

தழும்பு இருந்ததா, இல்லையா? இரண்டாம் தடவை கேட்கிறேன்.

மாரித்தாய்

*

சங்கரன்கோவில்
20-6-1983

அன்புள்ள கோமு அப்பாவுக்கு, பேச்சி எழுதினது. நானும் பிள்ளையும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்குத் தினமும் விளக்கு வைக்கிறேன். இதைக் காசி அண்ணனிடம் கொடுத்துச் சிவகிரியில் தபாலில் போடச் சொல்கிறேன். மதினிக்குத் தெரியாது.

மதினி கேட்கிற கேள்விக்குப் பதில் எழுதாதீர்கள். என்ன பதில் வந்தாலும் அதை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்து எங்களைப் போகவிடாமல் பண்ணிவிடுவார்கள். மதினி கெட்டவர்கள் இல்லை. எனக்குச் சோறு துணி எதற்கும் குறை வைக்கவில்லை. ஆனால் சீப்பு ஒன்று எடுத்தாலும் இருந்த இடத்தில் வைக்கவேண்டிய வீட்டில் நான் ஒன்றரை வருஷமாக இருக்கிறேன். கோமு உங்களைப் போட்டோ அப்பா என்று சொல்கிறாள். தெருவில் யாருடைய அப்பாவாவது வந்தால், அவர் நடக்கிறாரே என்று என்னிடம் வந்து சொல்கிறாள்.

தோலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மதினி எழுதினதுதான்.

அக்டோபரை மாற்றாதீர்கள்.

பேச்சி

*

சங்கரன்கோவில்
30-7-1983

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கு சுகம். அங்கு சுகமா என்று கேட்க எனக்கு மனம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

இரண்டு மாதமாக எனக்கு ஒரு வரி இல்லை. பேச்சிக்கு மட்டும் சிவகிரி வழியாக ஒரு கவர் வந்திருக்கிறது. நான் வாசிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தார்கள். ஜூலை வெயிலில் அந்தப் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை மாட்டிக் கூட்டிப்போனாள் பேச்சி. படம் பிடிக்கிறவன்கூட, "ஊட்டிக்கா போறீய?" என்று கேட்டானாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. கூட்டம் மேலரதவீதி வரை நெரிந்தது. அதற்கு முன்னால் கோமு பெயரைச் சொல்லிப் பேச்சி கோயிலை நூற்றுக்கணக்கில் வலம் வந்து ஆடிச்சுற்று சுற்றி முடித்தாள். காலெல்லாம் கொப்புளம். சண்டை சண்டையாக இருந்தாலும் நான்தான் எண்ணெய் தடவிவிட்டேன். அவள் பிள்ளைமேல் அவளுக்கு இருக்கிற பாசத்தை நான் இல்லை என்று சொல்லவில்லை. அம்மன் முன்னால் அத்தனை சுற்று சுற்றுகிறவள், அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மை இருக்கிற காட்டுக்கு எப்படிப் போகத் துணிகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

நீ பேசாமல் இருக்க இருக்க எனக்குப் பதில் தெரிந்துகொண்டே வருகிறது. இருந்தாலும் அதை நீ எழுதவேண்டும்.

மாரித்தாய்

*

ஜயர்
10-8-1983

அன்புள்ள அக்காவுக்குச் சண்முகையா எழுதியது. அங்கு எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உடம்பு பரவாயில்லை.

அட்டையில் இருக்கிற பிள்ளைக்குக் கையில் தழும்பு இல்லை.

பழைய அம்மைக்குக் குத்தினதுதான் இதையும் தடுக்கிறது. இங்கே படுக்கிறவர்களில் அநேகம் பேர் அம்மை குத்துவதை நிறுத்திய பிறகு பிறந்த பிள்ளைகள். அவர்களில் பத்துக்கு ஒன்று பிழைப்பதில்லை. போன மாதம் எங்கள் ஜீப் ஓட்டுகிற இலுங்காவின் மகள் படுத்தாள். கோமு வயதுதான் இருக்கும். அவள் அப்பா என்னோடு ஊர் ஊராக அட்டையைக் காட்டிக்கொண்டு திரிந்தபோது வீட்டில் படுத்திருக்கிறாள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆனாலும் நான் அவர்கள் இருவரையும் வரச்சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோமுவுக்கு ஊசிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். என்னோடு வேலை பார்க்கிற சங்கரபாண்டியன் லீவில் வருகிறார். எங்களுக்குப் போடுகிற அம்மை மருந்தை ஃபிளாஸ்கில் ஐஸ் வைத்துக் கொண்டுவருவார். அக்டோபர் மூன்றாம் தேதி காலை மாம்பலத்தில் அவர் தங்கை வீட்டில் அவரே கோமுவுக்குக் குத்திவிடுவார். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. காசி அவர்களை ஒன்றாம் தேதி கொல்லம் மெயிலில் கூட்டிப்போகட்டும். குத்தின இடம் ஆறினதும் விமானம்.

மறுபடியும் கேட்கிறேன். கோமுவுக்குத் தோலில் ஒன்றும் இல்லையே? நல்லா இருக்கா என்று நீ எழுதினதை நம்பித்தான் எல்லாம் செய்திருக்கிறேன்.

சண்முகையா

*

சங்கரன்கோவில்
4-9-1983

தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

உன் கடிதத்தை நேற்றுச் சாயந்திரம் வாசித்தேன். நான், உன் அத்தான், பேச்சி மூன்று பேர்தான் இருந்தோம். பத்துக்கு ஒன்று என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். பேச்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மே மாதமே இது உனக்குத் தெரியும். பப்பாளி மரத்தைப் பற்றி எழுதினபோது தெரியும். உன் ஜீப்காரர் பிள்ளை போன பிறகுதான் உனக்கு எழுதக் கை வந்ததா? அந்தத் தாயை நினைத்து நான் அழுதேன். உன்னை நினைத்து அழமாட்டேன்.

ஊசி என்றதும் அத்தான், "அப்பம் சரிதான், அவன் பாத்துக்கிட்டான், நீ இனிமேயாவது வாய மூடு" என்றார். பேச்சி மாவு ஆட்டிக்கொண்டே பாடினாள். மூன்று மாதத்தில் முதல் தடவை என்னை, "மதினி, உப்பு பாருங்க" என்று கூப்பிட்டாள். எனக்கும் பாரம் இறங்கினது போலத்தான் இருந்தது.

ராத்திரி படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. நீ எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவன் இல்லை. அப்பாவுக்கு முடியாமல் இருந்தபோதுகூட ஒரு தடவைதான் கேட்டு எழுதினாய். தோலை மட்டும் இரண்டு கடிதத்தில் கேட்டிருக்கிறாய். எதற்கு? ஊசிக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? காரணம் சொல்லிக் கேட்கவேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

நீயும் இந்த வீட்டில் பிறந்தவன்தானே. பிள்ளைக்கு மேலில் எது வந்தாலும் அம்மனுக்கு நேர்ந்துகொண்டால், சுற்று முடித்து அடுத்த தபசு வரும்வரை அதை நாம் வாயால் சொல்வதில்லை, எழுதுவதும் இல்லை. கேட்கிறவர்களுக்கு நல்லா இருக்கு என்றுதான் சொல்லவேண்டும். உனக்குத் தொடையில் படை வந்தபோது நம் அம்மா, வாத்தியாரிடம்கூட அப்படித்தான் சொன்னாள். இந்த வீட்டில் அப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்த நீ, அந்தக் கேள்வியை அப்படியே கேட்டிருக்கிறாய்.

பேச்சி எதற்காக ஆடிச்சுற்று சுற்றினாள் என்று யோசி. தை மாதத்திலிருந்து கோமுவின் முழங்கை மடிப்பிலும் கால் மடிப்பிலும் கோயில் புற்றுமண் குழைத்துப் பூசிக்கொண்டிருக்கிறோம். இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். இவ்வளவு எழுதினதற்கே அம்மனிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நம் வீட்டுப் பிள்ளையானால் உனக்குப் புரியும். இதில் ஏதாவது இருக்கிறது என்றால் ஒன்றாம் தேதிக்கு முன்னால் எங்களுக்குத் தெரியவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் ஜீப்காரருக்கும் அவர் வீட்டு அம்மாளுக்கும் என் வருத்தத்தைச் சொல்.

மாரித்தாய்

*

தந்தி
(தபாலாபீசில் தமிழில் எழுதித் தந்தபடி)
2-10-1983

கோமுவுக்கு ஊசி கூடாது. கண்டிப்பாகத் தடு. சண்முகையா.

*

சங்கரன்கோவில்
8-10-1983

தம்பிக்கு அக்கா மாரித்தாய் எழுதுவது. கோமு உயிரோடு நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் தந்தி வரும்போது அவர்கள் ரயில் ஏறி ஓர் இரவு கழிந்துவிட்டது. அத்தான் நெஞ்சு எரிச்சல் கூடிப் படுத்துக்கொண்டார். நான் தனியாக மதராஸ் பஸ் ஏறினேன். மதுரையைத் தாண்டித் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. தந்தியில் ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. காட்டிலிருந்து தந்தி அடிக்கிறவனுக்கு இன்னும் இரண்டு வார்த்தை சேர்க்க முடியவில்லையா என்று வழிநெடுக உன்னைத் திட்டிக்கொண்டே போனேன்.

மாம்பலத்தில் விலாசம் கேட்டுக் கேட்டு நான் படியேறும்போது கோமுவை மேசைமேல் உட்காரவைத்திருக்கிறார்கள். முழுக்கைச் சட்டை. அதைத் தோளுக்குச் சுருட்டாமல், கழுத்துப் பொத்தானைக் கழற்றித் தோளை மட்டும் வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள் பேச்சி. முழங்கை வெளியே தெரியவில்லை. சங்கரபாண்டியன் ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்திருந்தார்.

"ஊசி போடக்கூடாது, தம்பி தந்தி அடிச்சிருக்கான்" என்றேன்.

பேச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், இவுக நாங்க போகக்கூடாதுன்னு ஏப்ரல்ல இருந்து மல்லுக்கு நிக்காக. தந்திய இவுகளே எழுதி வாங்கியிருப்பாக. நீங்க போடுங்க."

சங்கரபாண்டியன் தந்தியை வாங்கிப் பார்த்தார். "காரணம் ஒண்ணும் போடலையேம்மா. பிள்ளைக்கு ஏதும் காய்ச்சலா?"

"இல்ல."

"தோல்ல ஏதும் உண்டா? பிள்ளையோட அம்மாகிட்ட அப்பவே கேட்டேன், இல்லன்னுட்டாங்க."

பேச்சி என்னைப் பார்த்தாள். என்ன பார்வை அது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாளா, சொல்லிப்பாருங்கள் என்று சவால் விட்டாளா தெரியாது. அவள் பொய் சொல்லவில்லை, தம்பி. நேர்ந்துகொண்ட தாய் சொல்லவேண்டியதைத்தான் சொன்னாள். சொன்னால் சுற்றின சுற்றெல்லாம் வீண், பிள்ளைக்குக் கூடிவிடும் என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான்.

நான் சொன்னேன். முன்பின் தெரியாத வீட்டில் நின்றுகொண்டு, கரப்பான் என்று பெயரைச் சொன்னேன். இரண்டு கையிலும், இரண்டு காலிலும், கழுத்துக்குப் பின்னாலும் என்று சொன்னேன். பேச்சி பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

சங்கரபாண்டியன் சட்டையை முழுக்கக் கழற்றிப் பார்த்தார். பிறகு ஃபிளாஸ்கை மூடிக் கொண்டுபோய் உள்ளே வைத்தார். திரும்பி வந்து அவரே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "கரப்பான் இருக்கற பிள்ளைக்கு இத போட்டா, குத்தின எடத்தோட நிக்காதும்மா. ஒடம்பு பூரா பரவிரும். பிள்ள தாங்காது" என்றார். அவருக்கும் நீ அடித்த தந்தி நாங்கள் அங்கிருந்து புறப்பட்ட பிறகுதான் வந்து சேர்ந்ததாம், கார்டு போட்டிருக்கிறார்.

அதன் பிறகு பேச்சி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஊசி போடாமலே கூட்டிட்டுப் போனா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் என் பிள்ளையக் கூட்டிட்டுப் போகல" என்றார்.

காசியோடு வீடு வந்து சேர்ந்துவிட்டோம். வழியெல்லாம் பேச்சி கோமுவை மடியைவிட்டு இறக்கவில்லை. விழுப்புரத்தில் காபி வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். நேற்றைக்குக் கோயிலுக்குப் போய், சொன்னது நான், தண்டனை இருந்தால் எனக்கு என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தேன். பெட்டியைப் பேச்சியே பிரித்துத் துணிகளை அடுக்கினாள். இந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் அலமாரி இல்லாமல் இருந்தது. நடுவீட்டு அலமாரியை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் எதை எங்கே வைத்தாலும் நான் கேட்கமாட்டேன்.

உன்மேல் எனக்கு ஆறவில்லை. பிள்ளைகள் சாகிற இடம் என்று தெரிந்தே கூப்பிட்டாய். மருந்து எமனாகும் என்பது தெரிந்தும் அதைச் சொல்லாமல், சுகம் விசாரிக்கிற சாக்கில் கேட்டாய். பயப்படுவோம் என்று மறைத்தாயாம், சங்கரபாண்டியன் உனக்காகப் பேசினார். பயப்பட வேண்டியதற்குப் பயப்பட எங்களுக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் கதவை மூடுகிறார்கள் என்று எழுதுகிறாயே, அவர்களிடமும் இப்படித்தான் கேட்கிறாயா? அட்டையைக் காட்டுவதற்கு முன்னால் எதற்குக் கேட்கிறாய் என்று சொல். பதில் சொன்னால் அவர்கள் பிள்ளைக்கு என்ன நன்மை, சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல். உன் வேலையை நான் வேண்டாத வேலை என்று சொல்லவில்லை. இலுங்கா மகளைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகளோ. ஆனால் உனக்கு இங்கே ஒரு பிள்ளை இருக்கிறது. அவள் அங்கே வர முடியாது. ஊசியோடும் முடியாது, ஊசி இல்லாமலும் முடியாது.

இதை நான் எழுதும்போது பேச்சி பக்கத்தில்தான் இருக்கிறாள். எழுதினதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். ஓர் எழுத்தும் மாற்றச் சொல்லவில்லை. கடைசியில் சேர்க்கச் சொன்னது இது: வேலையை விட்டுவிட்டு நீ ஊருக்கு வருகிறாயா, இல்லை அங்கேயே இருக்கப்போகிறாயா? இரண்டில் எது என்றாலும், ஏன் என்ற காரணத்தோடு அவள் பெயருக்கே எழுது. நான் பிரிக்கமாட்டேன்.

சீக்கிரம் பதில் போடு.

மாரித்தாய்